பார்ப்பவரின் பிழை

மனதைப் பற்றிய படிப்பு ஒருநாளும் முறையான அறிவியல் ஆகாது என்று 1786இல் மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் எழுதினார். அதற்கு அவர் இரண்டு காரணங்கள் சொன்னார். ஓர் இயற்கை ஆய்வில் எவ்வளவு கணிதம் இருக்கிறதோ அவ்வளவுதான் அதில் அறிவியல் இருக்கிறது. மன நிகழ்வுகளுக்கு நீளமும் அகலமும் இல்லாததால் கணிதம் பற்றிக்கொள்ள அங்கே பிடி கிடையாது என்பது முதலாவது. இரண்டாவது இன்னும் கூர்மையானது. தன் மனதைத் தானே உற்றுப் பார்க்கும்போது, பார்க்கிற செயலே பார்க்கப்படுவதை மாற்றிவிடுகிறது. கோபத்தில் இருப்பவர் தன் கோபம் எப்படி இருக்கிறது என்று ஆராயத் தொடங்கினால், ஆராயும்போதே அது பாதி தணிந்துபோகும்.

காண்ட் பிறந்ததும், கற்பித்ததும், 1804இல் மறைந்ததும் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில். அன்று அது பிரஷ்யாவின் துறைமுகம். இன்று ரஷ்யாவின் கலினின்கிராட். அவர் இறந்து ஐம்பது ஆண்டுகள் முடிவதற்குள் அதே ஊரில் இரண்டு பேர் மனதின் வேலையைக் கடிகாரம் வைத்து அளந்துவிட்டார்கள். இருவருமே மனதை ஆராயும் நோக்கத்தோடு வந்தவர்கள் அல்லர். ஒருவர் வானியலாளர், மற்றவர் உடலியலாளர். உளவியல் தோன்றிய கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1879ஐயும் லைப்ஸிக் நகரத்து ஆய்வகத்தையும் கொண்டு தொடங்குவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, லண்டனுக்கு அருகே ஒரு தொலைநோக்கியின் முன்னால் நிகழ்ந்த பிழை.

கிரீனிச் வானாய்வகத்தின் தலைவராக நெவில் மாஸ்கெலின் இருந்த காலம் அது. ஒரு நட்சத்திரம் தொலைநோக்கியின் நடுக் கம்பியை எந்தக் கணத்தில் கடக்கிறது என்று குறிப்பதுதான் அங்கே அன்றாட வேலை. அந்தக் கணங்களைக் கொண்டே கடிகாரங்கள் திருத்தப்பட்டன. அந்தக் கடிகாரங்களை நம்பியே கப்பல்கள் கடலில் தங்கள் இடத்தை அறிந்தன. வேலை செய்யும் முறையோ முழுக்க மனிதக் கண்ணையும் காதையும் சார்ந்தது. முதலில் கடிகாரத்தில் மணியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு கண்ணைத் தொலைநோக்கியில் வைத்து, ஊசல் அடிக்கும் ஒலியை மனதில் எண்ணிக்கொண்டே வர வேண்டும். கம்பியைத் தொடுவதற்கு முந்தைய அடியில் நட்சத்திரம் எங்கே இருந்தது, அடுத்த அடியில் எங்கே போயிற்று என்று நினைவில் பிடித்து, கடந்த கணத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்குவரை மதிப்பிட வேண்டும்.

மாஸ்கெலினின் உதவியாளர் டேவிட் கின்னெப்ரூக். 1795 ஆகஸ்டில் அவருடைய குறிப்புகள் தலைவரின் குறிப்புகளைவிட அரை விநாடி பிந்தத் தொடங்கின. எச்சரிக்கப்பட்டார், திருத்திக்கொள்ள முயன்றார். 1796 ஜனவரியில் வேறுபாடு 0.8 விநாடியாக வளர்ந்திருந்தது. நிலநடுக்கோட்டில் பூமி அந்த நேரத்தில் ஏறத்தாழ 370 மீட்டர் சுழன்றுவிடும். கின்னெப்ரூக் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். காரணத்தை மாஸ்கெலின் ஆய்வகப் பதிவேட்டிலேயே எழுதிவைத்தார். அப்படி எழுதியதால்தான் இன்று நமக்கு அந்த இளைஞரின் பெயர் தெரிகிறது.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தச் செய்தியை ஒரு ஜெர்மானிய வானியல் இதழ் வழியாகப் படித்தவர், கோனிக்ஸ்பெர்க் வானாய்வகத்தின் தலைவர் ஃப்ரீட்ரிக் பெஸ்ஸல். கருவிகளின் பிழைகளைத் துரத்தித் துரத்திக் கணக்கிடுவதில் அவருக்கு இணை அன்று யாரும் இல்லை. ஒரு நட்சத்திரத்தின் தொலைவை நம்பத்தக்க வகையில் முதன்முதலாக 1838இல் அளந்தவரும் அவரே. ஒழுங்காகப் பயிற்சி பெற்ற ஓர் இளைஞர், வேலை போய்விடும் என்று அறிந்தும், இவ்வளவு பெரிய பிழையைத் தொடர்ந்து செய்வாரா என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. தன்னையே மற்ற வானியலாளர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தேர்ந்த கண்களுக்கு இடையிலும் வேறுபாடு இருந்தது, அதுவும் சிறிதல்ல. 1823இல் அவருக்கும் ஆர்கெலாண்டர் என்ற வானியலாளருக்கும் இடையே 1.2 விநாடி. கின்னெப்ரூக் நீக்கப்பட்டது இதைவிடக் குறைந்த வேறுபாட்டுக்காக.

கின்னெப்ரூக்கிடம் கவனக்குறைவு எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மனிதருக்கும் பார்ப்பதையும் கேட்பதையும் ஒன்றாகச் சேர்த்து முடிக்கச் சிறிது நேரம் பிடிக்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவருக்குள்ளேயே காலப்போக்கிலும் மாறுகிறது. வானியலாளர்கள் இதற்குத் ‘தனியாள் சமன்பாடு’ என்று பெயர் வைத்து, தங்கள் கணக்குகளிலிருந்து கழித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது அகற்றப்பட வேண்டிய அழுக்கு. ஆனால் அந்த அழுக்கில்தான் ஒரு புதிய அறிவியலின் மூலப்பொருள் கிடந்தது: உலகம் நமக்குள் வந்து சேர்வதற்கு நேரம் ஆகிறது, அந்த நேரத்தை அளக்க முடியும்.

எவ்வளவு நேரம்? நரம்பின் வழியே செய்தி பாயும் வேகத்தை அளக்கவே முடியாது என்பது அன்றைய பெரிய உடலியலாளர் யோஹன்னஸ் முல்லரின் கருத்து. ஒளியைப் போன்ற வேகமாக இருக்கும் என்று பலர் நம்பினார்கள். முல்லரின் மாணவர்களில் ஒருவரான ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1849இல் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். ஒரு தவளையின் காலிலிருந்து தசையையும் அதோடு சேர்ந்த நரம்பையும் பிரித்தெடுத்தார். நரம்பை மின்சாரத்தால் தூண்டும் அதே நொடியில் ஒரு மின்சுற்று தொடங்கும். தசை சுருங்கியதும் அந்தச் சுற்று அறுபடும். இடைப்பட்ட நேரத்தை ஒரு காந்த ஊசியின் விலகல் காட்டிக்கொடுக்கும். தசைக்கு அருகே ஒருமுறை, சில சென்டிமீட்டர் தள்ளி மறுமுறை தூண்டி, இரண்டு நேரங்களின் வேறுபாட்டைக் கணக்கிட்டார். விடை: விநாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர். நம் ஊர் விரைவு ரயில் ஓடும் வேகம் அது. ஒலிகூடக் காற்றில் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் விரைவாகச் செல்கிறது.

இந்த முடிவை ஹெல்ம்ஹோல்ட்ஸின் தந்தையாலேயே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பள்ளி ஆசிரியராக இருந்த அவர், எண்ணமும் உடல் அசைவும் ஒரே கணத்தில் நிகழ்வதாகத்தான் தமக்குத் தோன்றுகிறது என்ற பொருளில் மகனுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய தயக்கம் நியாயமானதுதான். நம் விரல் நுனி சுடுவதை ‘இப்போது’ என்றே உணர்கிறோம். அந்த ‘இப்போது’ சற்றுமுன் நடந்து முடிந்த ஒன்று என்பதை அறிவு ஏற்றாலும் உணர்வு ஏற்பதில்லை.

அடுத்த பத்தாண்டுகளில் அளவுகள் குவிந்தன. ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும் கடிகாரம் ஒன்றை மத்தேயஸ் ஹிப் என்ற கடிகாரக் கலைஞர் உருவாக்கியிருந்தார். அதை வைத்து 1860களின் தொடக்கத்தில் அடால்ஃப் ஹிர்ஷ் என்ற வானியலாளர் சுவிட்சர்லாந்தில் அளந்தபோது, ஒளியைக் கண்டதும் விரலை அசைக்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆனது. ஒலியைக் கேட்டதும் அசைக்க அதைவிடக் குறைவு. ஒலியைவிட ஒளி எவ்வளவோ வேகமானது. ஆனால் நமக்குள் ஒலிதான் முந்துகிறது. விழித்திரையில் ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றும் வேதிவினைகளுக்குக் கூடுதல் நேரம் பிடிப்பதே காரணம். இன்றும் ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி ஒலித்த 0.1 விநாடிக்குள் கால் உதைத்தால் அது தவறான தொடக்கம் என்று விதி இருக்கிறது. அவ்வளவு விரைவாக ஒருவர் கேட்டு அசைந்திருக்க முடியாது, முன்கூட்டியே ஊகித்திருக்கிறார் என்று பொருள்.

உட்ரெக்ட் நகரத்தில் ஃப்ரான்ஸிஸ்குஸ் டோண்டர்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். பாதத்தில் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தால் அதே பக்கத்துக் கையை அசைக்க வேண்டும். எந்தப் பாதத்தில் வரும் என்று முன்பே சொல்லிவிட்டால் ஒரு நேரம். சொல்லாமல் விட்டால் அதைவிட ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு விநாடி கூடுதல். நரம்பும் தசையும் இரண்டிலும் ஒன்றே. கூடியது ‘எந்தப் பக்கம்?’ என்று முடிவெடுக்கும் வேலை மட்டும். 1868இல் அவர் வெளியிட்ட இந்த எளிய கழித்தல் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்ப்பு உண்டாகிறது. யாரும் கண்ணால் காண முடியாத ‘முடிவெடுத்தல்’ என்ற செயல் அங்கே ஓர் எண்ணாக வந்து நின்றது. நீளமும் அகலமும் இல்லாவிட்டால் என்ன, கால அளவு இருக்கிறதே.

காலத்தை விட்டு, உணர்வின் வலிமையையே அளக்கத் துணிந்தவர் லைப்ஸிக்கின் குஸ்தாவ் ஃபெக்னர். அவர் இயற்பியல் பேராசிரியர். கண்ணில் தங்கும் பிம்பங்களை ஆராய வண்ணக் கண்ணாடி வழியே சூரியனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, வேலையையும் துறந்து, மூன்று ஆண்டுகள் இருட்டறையில் கிடந்தார். மீண்டு வந்தபோது இயற்பியலைவிட ஆன்மாவின் கேள்விகளே அவரை ஆட்கொண்டிருந்தன. தாவரங்களுக்கும் ஆன்ம வாழ்வு உண்டு என்று ஒரு நூலே எழுதினார். 1850 அக்டோபர் 22 காலையில் படுக்கையில் கிடந்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நாளை உணர்வை அளக்கும் ஆய்வாளர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

அதற்கான விதையை அதே ஊரின் எர்ன்ஸ்ட் வெபர் முன்பே போட்டிருந்தார். கையில் தூக்கும் எடையில் மாற்றம் தெரிய, அது ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காவது கூட வேண்டும். 4 கிலோ காய்கறிப் பையில் 100 கிராம் கூடினால் தெரியும். 8 கிலோவில் அதே 100 கிராம் தெரியாது, 200 கிராம் வேண்டும். நமது உணர்வு பொருளின் அளவை வாங்கிக்கொள்வதில்லை, விகிதத்தை வாங்கிக்கொள்கிறது. இந்த ‘தெரியவருகிற மிகச்சிறிய வேறுபாடு’களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உணர்வுக்கே ஓர் அளவுகோல் கிடைக்கும் என்று ஃபெக்னர் கண்டார். தூண்டல் பெருக்கல் வரிசையில் ஏறும்போது உணர்வு கூட்டல் வரிசையில் ஏறுகிறது. இதை நிறுவ எடைகளைத் தூக்கித் தூக்கி, ஒரு வரிசைச் சோதனையில் மட்டும் 24,576 தீர்ப்புகளைப் பதிவுசெய்தார். 1860இல் வந்த அவருடைய நூல், மனதில் எண்களுக்கு இடமில்லை என்ற வாதத்துக்கு நேரடியான பதில். அவருடைய விதி எல்லாப் புலன்களுக்கும் எல்லா அளவுகளுக்கும் பொருந்தாது என்று பின்னாளில் தெரிந்தது. அவர் வகுத்த சோதனை முறைகள் இன்றும் காது, கண் பரிசோதனைகளில் வாழ்கின்றன.

வில்ஹெல்ம் வுண்ட் வந்தபோது செங்கற்கள் எல்லாம் தயாராக இருந்தன. அவர் கட்டடம் எழுப்பினார். ஹைடெல்பெர்க்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் உதவியாளராக இருந்தவர். தன் வீட்டு ஊசல் கடிகாரத்தையே மாற்றியமைத்து, மணியொலி கேட்கும் கணத்தில் ஊசல் எங்கே இருப்பதாகத் தோன்றுகிறது என்று 1860களின் தொடக்கத்திலேயே சோதித்தார். இரண்டையும் ஒரே கணத்தில் அவரால் பிடிக்க முடியவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கவனம் தாவ, அவர் கணக்கில், ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு விநாடி ஆனது. கிரீனிச்சின் பிழை இப்போது ஆய்வுப் பொருளாகவே ஆகிவிட்டது.

1879இல் லைப்ஸிக் பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடு அவர் ஆய்வைத் தொடங்கியதைத்தான் உளவியலின் பிறப்பு என்று பாடநூல்கள் சொல்கின்றன. உண்மையில் அந்த ஆண்டு ஒரு வசதிக்கான அடையாளம்தான். ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸ் 1875 வாக்கிலேயே சோதனைக்கென ஓர் அறை வைத்திருந்தார். வுண்டின் ஆய்வகத்தைப் பல்கலைக்கழகம் முறைப்படி ஏற்றதோ சில ஆண்டுகள் கழித்துத்தான். வுண்ட் செய்த பெருங்காரியம் வேறு. ஆய்வகம், ஆய்விதழ், முனைவர் பட்டம் என்று ஒரு தொழிலையே அவர் உருவாக்கினார். அங்கே பயின்றவர்கள் உலகெங்கும் போய்த் துறைகளைத் தொடங்கினார்கள். அவருடைய மாணவர் முன்ஸ்டர்பெர்கிடம் ஹார்வர்டில் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தா 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியலைத் தொடங்கிவைத்தார். இன்னொரு மாணவர் ஸ்பியர்மனிடம் லண்டனில் பயின்ற எம்.வி. கோபாலஸ்வாமி 1924இல் மைசூரில் துறையை அமைத்தார்.

வுண்டின் ஆய்வகத்தில் எனக்குப் பிடித்த ஒன்று: அங்கே பேராசிரியரும் மாணவர்களும் மாறி மாறிச் சோதிப்பவராகவும் சோதிக்கப்படுபவராகவும் இருந்தார்கள். அங்கிருந்து வந்த முதல் முனைவர் ஆய்வில் வுண்ட் தாமே பொத்தானை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆனால் காண்டின் இரண்டாவது காரணம் அசையாமல் நின்றது. வுண்ட் அதை உணர்ந்தே இருந்தார். புலனுணர்வு, எதிர்வினை நேரம் போன்ற எளியவற்றை மட்டுமே ஆய்வகத்தில் ஆராயலாம், சிந்தனை போன்ற உயர்ந்த செயல்களுக்கு மொழியையும் வழக்காறுகளையும் படிக்க வேண்டும் என்றார். அடுத்த தலைமுறை இந்த எல்லையைத் தாண்டியது. வுர்ஸ்பர்க் நகரத்தில் ஆஸ்வால்ட் கூல்பேயின் குழு, ஆட்களைச் சிந்திக்கச் சொல்லி, உள்ளே என்ன நடந்தது என்று விவரிக்கக் கேட்டது. எந்த உருவமும் சொல்லும் இல்லாமலே சிந்தனை ஓடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டிட்ச்னர் இதை ஏற்கவில்லை. அவருடைய ஆய்வகத்தில் பயிற்சி பெற்றவர்கள் உள்ளே பார்த்தபோது எப்போதும் ஏதாவது ஓர் உருவம் தென்பட்டது. யார் சரி? தீர்க்க வழியே இல்லை. அவரவர் மனதுக்குள் அவரவர் மட்டும்தான் போக முடியும். 1913இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் பொறுமையிழந்து, மனதின் உள்ளே பார்ப்பதையே விட்டுவிட்டு வெளியே தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்வோம் என்று அறிவித்தார். அது தேவையான கண்டிப்புதான். ஆனால் நினைவு, கவனம், எண்ணம் என்று மனிதர்களுக்கு முக்கியமான எல்லாமே பல பத்தாண்டுகள் அமெரிக்க ஆய்வகங்களின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன.

வாட்சனின் அறிவிப்புக்குச் சில ஆண்டுகள் முன்பு உளவியல் தன் திறமையை முழுமையாகக் காட்டிய நிகழ்வு பெர்லினில், ஒரு குதிரையின் முன்னால் நடந்தது. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரின் குதிரை ஹான்ஸ். கூட்டல், பெருக்கல், பின்னம் என எதைக் கேட்டாலும் குளம்பைத் தட்டி விடை சொன்னது. 1904இல் உளவியலாளர் கார்ல் ஸ்டும்ஃப் தலைமையிலான குழு ஆராய்ந்து, இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று அறிவித்தது. அது உண்மைதான். உரிமையாளர் இல்லாதபோதும் ஹான்ஸ் சரியாகச் சொன்னது.

ஸ்டும்ஃபின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கேள்வியைத் திருப்பிப் போட்டார். கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார், ஹான்ஸ் தடுமாறியது. குதிரைக்குக் கேட்பவர் தெரியாதபடி மறைத்தார், மறுபடியும் தடுமாறியது. கேள்வி கேட்டவர் குதிரையின் குளம்பைப் பார்க்கத் தலையை மிக லேசாகத் தாழ்த்துகிறார். ஹான்ஸ் தட்டத் தொடங்குகிறது. சரியான எண் வந்ததும் அவருடைய இறுக்கம் தளர்ந்து தலை மில்லிமீட்டர் கணக்கில் மேலே எழும்புகிறது, ஹான்ஸ் நிறுத்துகிறது. கேட்பவர் யாருக்கும் தாம் அசைந்தது தெரியாது. உண்மையைக் கண்டுபிடித்த பிறகும் ஃபுங்ஸ்டாலேயே தன் அசைவை அடக்க முடியவில்லை. பிறகு ஆய்வகத்தில் அவர் குதிரையின் இடத்தில் தாம் உட்கார்ந்து, எதிரே இருப்பவர் மனதில் நினைத்த எண்ணைத் தட்டிக் காட்டினார். 25 பேரில் 23 பேர் தங்களை அறியாமல் விடையைக் காட்டிக்கொடுத்தார்கள். மருந்துச் சோதனைகளில் எது மருந்து, எது வெறும் மாத்திரை என்று மருத்துவருக்கும் தெரியாமல் வைப்பதற்கு ஒரு வலுவான காரணம் அந்தக் குதிரைக் கொட்டிலில் இருக்கிறது.

உளவியல் அறிவியலா என்று கேட்பவர்கள் பலர் மனதில் வைத்திருப்பது ஃப்ராய்டை. எந்த விளைவு வந்தாலும் அதைத் தனக்குச் சான்றாக்கிக்கொள்ளும் கோட்பாட்டைச் சோதிக்கவே முடியாது என்று மெய்யியலாளர் கார்ல் பாப்பர் அவரை விமர்சித்தது சரியே. ஆனால் ஃபெக்னர், டோண்டர்ஸ், ஃபுங்ஸ்ட் ஆகியோரின் வழி வேறு. அவர்கள் சொன்னது தவறாக இருந்தால் அதை நாமே செய்துபார்த்துக் கண்டுபிடித்துவிட முடியும். அந்த வழியில் வந்தவர்களும் சறுக்கினார்கள் என்பதுதான் நம் காலத்துச் செய்தி.

முதுமையை நினைவூட்டும் சொற்களைப் படித்தவர்கள் பிறகு மெதுவாக நடந்தார்கள் என்று 1996இல் நியூயார்க்கிலிருந்து ஓர் ஆய்வு வந்து, பாடநூல்களிலெல்லாம் இடம்பிடித்தது. 2012இல் பிரஸ்ஸல்ஸில் ஒரு குழு அகச்சிவப்புக் கதிர் கொண்டு தானாகவே நேரம் அளந்தபோது அந்த விளைவு வரவில்லை. பிறகு, இவர்கள் மெதுவாக நடப்பார்கள் என்று சோதனை நடத்துபவர்களிடமே சொல்லிவைத்தார்கள். அப்போதுதான் விளைவு தோன்றியது. ஹான்ஸிடம் கற்ற பாடம் நூறாண்டுகளுக்குள் மறந்துபோயிருந்தது.

2015இல் ப்ரையன் நோஸெக்கின் முன்முயற்சியில் 270 ஆய்வாளர்கள் சேர்ந்து, வெளிவந்த 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்துபார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 வெற்றி கண்டவை; மறுமுறை அப்படித் தேறியவை 36 சதவீதம் மட்டுமே. உளவியல் பொய் என்று செய்தித்தாள்கள் எழுதின. எனக்கு அந்த ஆய்வு இத்துறையின் ஆகச்சிறந்த பக்கங்களில் ஒன்றாகத் தெரிகிறது. புற்றுநோய் ஆராய்ச்சியிலும் நிலைமை மேலாக இல்லை. 2012இல் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 53 முக்கியக் கட்டுரைகளைச் சோதித்தபோது ஆறை மட்டுமே உறுதிசெய்ய முடிந்தது. தன் வீட்டைத் தானே திறந்து, நூறு ஆய்வுகளை எண்ணி, தோல்வியைப் பெயரோடு வெளியிட்டது உளவியல். இப்போது பல இதழ்கள், சோதனை தொடங்கும் முன்பே கேள்வியையும் முறையையும் படித்து, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவோம் என்று ஒப்புக்கொள்கின்றன.

எல்லாம் சரிந்துவிடவும் இல்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட மறதி ஆய்வு அதற்குச் சான்று. பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300ஐத் தாமே உருவாக்கி, வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரம் கழித்து எவ்வளவு மறந்திருக்கிறது என்று மாதக்கணக்கில் தன்மேலேயே சோதித்தார். வரிசையை மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதே அவருடைய அளவு. இருபது நிமிடத்தில் 58 சதவீதம், ஒரு மணி நேரத்தில் 44, ஒன்பது மணி நேரத்தில் 36, ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21. முதலில் செங்குத்தாகச் சரிந்து பிறகு தரையோடு ஓடும் கோடு. உள்ளே எட்டிப் பார்த்து விவரிக்க வேண்டியதே இல்லாததால், காண்டின் இரண்டாவது காரணத்தைச் சுற்றிக்கொண்டு போன வழி இது.

2015இல் ஆம்ஸ்டர்டாமில் யாப் முர்ரேயும் யூரி ட்ரோஸும் இதை மறுபடி நடத்தினார்கள். ஒரே ஒருவர் 70 மணி நேரம் அசைகளைக் கற்றுத் தீர்த்தார். கிடைத்த கோடு எபிங்ஹவுஸின் கோட்டை ஒட்டியே சென்றது. எபிங்ஹவுஸுக்குத் தன் அட்டவணையில் ஓரிடத்தில் மட்டும் ஐயம் இருந்தது. ஒன்பது மணி நேரத்திலிருந்து ஒரு நாள்வரை மறதி வெறும் இரண்டு சதவீதம்தான். இடையில் தூங்கியதைக் கணக்கில் கொண்டாலும் இது நம்பத்தக்கதாக இல்லை, தற்செயலாக நேர்ந்த பிழையாக இருக்கும் என்று அவர் கருதினார். ஆம்ஸ்டர்டாமின் கோட்டிலும் 24 மணி நேரப் புள்ளியில் அதே போன்ற மேடு எழுந்திருக்கிறது. தூக்கம் நினைவை எப்படிக் காக்கிறது என்று ஆராய்பவர்களுக்கு அந்த மேடு இப்போது ஒரு கேள்வி.